பெரகல சந்தியில் குடை பிடித்தவன்

கேசினியின் பாட்டில் ஒரு குடை வருகிறது. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து பண்டாரவளையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அக்கா மகன் கிஷாந்தன் பதுளையில் அரசாங்கப் பொறியியலாளன். ஒரு நாள் காலை தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுக்கும் கேசினிக்கும் தை மாதம் கலியாண எழுத்து வைப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அவனே பார்த்து விரும்பிய பெண். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். பண்டாரவளையில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக் கொடுக்கிறாள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, பியானோவை வாசித்துக்கொண்டே பாடி இணையத்தில் போடுகிறாள். கேட்பதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது.

"மாமா, நீங்கள் அங்கைதானே நிக்கிறியள். ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்" என்றான்.

"என்னத்தை விசாரிக்கிறது? நீதானே அவளைத் தெரிஞ்செடுத்தனி."

"எனக்கு ஒண்டுமில்லை மாமா. அம்மாதான். அந்தக் குடைப் பாட்டைக் கேட்டதிலயிருந்து ஒரே யோசினை. அந்த ஆள் ஆரெண்டு தெரியோணுமாம்."

"நீயாத்தான் இருக்கும்."

"நான் குடை பிடிக்கிறேல்லை மாமா. ரெயின்கோட்."

எழுத்துக்கு முதல் கேசினி தன் பாட்டுகளையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா இந்தக் கலியாணத்துக்கு ஒத்துக்கொள்ளமாட்டா என்றும் சொன்னான். நான் நம்பினேன். சுலோஜனா அக்கா எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவள். அத்தானும் மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் தோட்டத்துப் பெண் ஒருத்தி வருவது இதுதான் முதல் தடவை. யாராவது ஒருவர் எங்காவது முகத்தைச் சுளிப்பார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். முகம் முழுதாகத் தெரியாதபடி பக்கவாட்டில் இருந்து எடுத்திருந்தார்கள். கறுப்புப் பியானோ. ஒல்லியான ஒரு பெண், குளிருக்குச் சுவெட்டர் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் பாடுகிறாள்.

*கடைசி பஸ்சும் இறங்கிப் போச்சு,*
*பெரகல சந்தியப் பனி மூடிப் போச்சு,*
*உன் குடை மட்டும் நிக்குது,*
*அதுக்குள்ள எனக்கும் இடம் இருக்கு.*

குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாத ஒருவனுக்காக இவ்வளவு உருகிப் பாட முடியுமா? மறுபடியும் போட்டேன். பியானோவின் பளபளப்பான மூடியில் ஏதோ அசைந்தது. நிறுத்திப் பெரிதாக்கினேன். ஒரு மனிதன். ஆண். உட்கார்ந்திருக்கிறான், அதுவும் ஒரு கட்டிலில். பாட்டு முடிந்து கடைசி ஒலி அடங்கும்போது தடித்த குரல் ஒன்று "சரி" என்றது. அத்தோடு வீடியோ வெட்டுப்பட்டது.

மற்றப் பாட்டுகளையும் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றின் முடிவிலும் அந்தச் "சரி" இருந்தது.

மெட்டின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. லயத்தில் வளர்ந்த பெண்ணுக்குப் பியானோ எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுப் பாட்டு எதையாவது தூக்கியிருப்பாள் என்று நினைத்து, பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்தேன். இதைப் போல் வேறு பாட்டு இல்லை என்று வந்தது. அதை வைத்தும் நான் ஆறுதல் அடையவில்லை.

சம்பந்தம் விசாரிப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டுக்குப் போகக்கூடாது. பெண் நடமாடும் தெருவில் ஒரு கடைக்குப் போய் வேறு ஏதாவது வாங்கவேண்டும். நான் காற்சட்டையின் அடியைச் சுருக்க வேண்டுமென்று ஒரு தையல் கடைக்குள் போனேன். தைக்கிறவள் பெயர் ஸஜீதா. கேசினி பியானோ வாசிப்பது எதிர்ப்பக்கத்துப் பழைய தளபாடக் கடையில் என்று கிஷாந்தன் சொல்லியிருந்தான்.

"எதிர்ல ஒரு பிள்ள பாட்டுப் பாடுதாமே" என்றேன்.

"எனக்கு ஒண்டும் தெரியா. நான் அடுத்தவங்கட விஷயம் பாக்கிறதே இல்ல" என்று சொல்லிவிட்டு, ஊசியை வாயிலிருந்து எடுத்தாள் ஸஜீதா. "சனிக்கிழமையில வரும். அசர் தொழுகை முடிஞ்சதும் கடைக்கார ஜௌபர் நானா ஷட்டரப் பாதிக்கு எறக்கிருவார். முழுசா எறக்கினாலும் பரவாயில்ல, முழுசாத் தொறந்து வச்சாலும் பரவாயில்ல. இது என்னத்துக்குப் பாதி? சொல்லுங்க பாப்பம்."

"உள்ளே வேற ஆர் இருக்கிறது?"

"நான் என்னத்தக் கண்டன்? கால் மட்டும்தானே தெரியும். பொம்பிளச் செருப்பு ஒண்டு. ஆம்பிளச் சப்பாத்து ஒண்டு." காற்சட்டையை உதறினாள். "எவ்வளவு சுருக்க?"

சனிக்கிழமை பின்னேரம் அதே தையல் கடை வாசலில் காத்து நின்றேன். தொழுகை முடிந்து வந்த ஜௌபர் ஒரு பெரிய கொக்கியால் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினார். கீழே இருந்த இடைவெளியில் பார்த்தேன். மெல்லிய செருப்பு ஒரு சோடி, பெரிய கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. கொஞ்ச நேரத்தில் பியானோ கேட்டது. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதும் பியானோ நின்றது. உள்ளே ஒரு ஆண் சிரித்தான். இனி நிற்பதில் அர்த்தமில்லை என்று தெருவைக் கடந்து, குனிந்து உள்ளே போனேன்.

"யாரது? கடை சாத்தியாச்சே" என்றார் ஜௌபர். ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் மெத்தை இல்லை. சட்டத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அலுமாரிகள், கதிரைகள், சுவர் முழுக்க ஊஞ்சல் மணிக்கூடுகள் எல்லாம் சுற்றி நின்றன. ஒரு மணிக்கூடும் ஓடவில்லை. பியானோவின் முன்னால் கேசினி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கையடக்கத் தொலைபேசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி, முக்காடு போட்ட ஒரு பருத்த பெண் வெறுங்காலோடு நின்றாள்.

"ஒரு மேசை பாக்க வந்தனான்" என்றேன்.

"சனிக்கிழமை, ஷட்டர் எறக்கின பொறகு, மேசை?" என்றார் ஜௌபர். "ஸைனப், இவருக்கு அவசரமா ஒரு மேசை காட்டு."

கேசினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க கிஷாந்தனோட கனடா மாமாதானே அங்கிள்? போட்டோல பாத்திருக்கேன். வந்து உக்காருங்க. அந்தக் கதிரை வேணாம், கால் ஆடும்."

பிடிபட்டவன் உட்காருவதைத் தவிர என்ன செய்வான்? ஜௌபரின் பக்கத்தில் அதே கட்டிலில் உட்கார்ந்தேன். எதிரே பியானோ மூடியில் இப்போது இரண்டு ஆண்கள் தெரிந்தார்கள்.

ஷட்டர் ஏன் பாதி என்று ஜௌபரின் மனைவி ஸைனப் சொன்னாள். ரோட்டுச் சத்தத்துக்கு மூடவேண்டும். முழுதாக மூடினால் வார்னிஷ் மணத்தில் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். வெளியே தெரிந்த செருப்பு அவளுடையது; கேசினியின் கால் பியானோவின் மறைவில் இருந்தது. பலகைத் தரையில் அது கிறீச்சிடும் என்பதால் கழற்றி வைத்துவிட்டே படம் பிடிப்பாள். மணிக்கூடுகளை ஜௌபர் ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்திவைப்பார். பாட்டு முடிந்ததும் அவற்றைத் திரும்ப ஓட விடலாம் என்ற அவசரத்தில் "சரி" என்று சொல்லித் தொலைப்பார்.

"எத்தன தரம் செல்லியாச்சு, வாயை மூடிட்டு இரிங்கண்டு" என்றாள் ஸைனப்.

"பாட்டு முடிஞ்சா முடிஞ்சிண்டு ஆர் செல்ற?"

"அது பாடின பிள்ளைக்குத் தெரியாதா?"

எல்லாம் பொருந்தியது. இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று பியானோ எப்படிப் பழகியது என்று கேட்டேன்.

அவளுடைய அப்பா தம்பையா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். கொழுந்தை வாடப் போடும் மேல் மாடியில் பெரிய பெரிய மின்விசிறிகள் பகலும் இரவும் ஒரே சுரத்தில் இரைந்துகொண்டிருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சின்னப் பெண் அந்த இரைச்சலின் மேல் குரலை வைத்துப் பாடுவாளாம். "தம்புரா மாதிரி அங்கிள். ஆனா நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டாது" என்றாள். மேற்பார்வைக்காரர் வந்தால் வாயை மூடிக்கொள்வாளாம். ஒருமுறை அவர் படியேறி வருவதைக் கவனிக்காமல் பாடிக்கொண்டே இருந்துவிட்டாள். அவர் திட்டவில்லை. விசிறிக்கு ஏதோ பழுது, விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "எங்கப்பா கொழுந்துக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கார்."

பிறகு அப்புத்தளைச் சந்தையில் பழைய சாமான் விரிப்பில் ஒரு கீபோர்ட் கிடைத்தது. அதில் இரண்டு கட்டைகள் பேசாது. பழுது பார்க்கக் கொடுக்க ஆளில்லை. அந்த இரண்டையும் தாண்டித் தாண்டியே மெட்டுப் போட்டுப் பழகினாள்.

"இந்தப் பியானோல எல்லாக் கட்டையும் பேசுது. ஆனா கை அங்க போகவே மாட்டேங்குது" என்று அந்த இடங்களைத் தொட்டுக் காட்டினாள். பிறகு குடைப் பாட்டின் மெட்டை வெறுமனே வாசித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் அந்த இரண்டையும் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிற்று. மெட்டு களவெடுத்ததா என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. மற்றது தீரவில்லை.

இந்தக் கடைக்கு அவள் வந்தது அலுமாரி வாங்க. மூடப்பட்ட ஒரு துரை பங்களாவிலிருந்து ஜௌபர் எடுத்த சாமான்களோடு பியானோவும் வந்திருந்தது. டவுன் வீடுகளின் படியில் ஏறாது என்று யாரும் அதை வாங்கவில்லை. அப்பா அலுமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த நேரம் அவள் நின்றபடியே வாசித்தாளாம். "ரோட்டில போன சனம் நிண்டிச்சு. அதில மூணு பேர் கதிர வாங்கிட்டுப் போனாங்க. பொறகு நான் ஏன் இந்தப் பிள்ளைய வரவேணாம்ங்கிற?" என்றார் ஜௌபர்.

இனிக் கேட்டாக வேண்டும். "பிள்ளை, அந்தக் குடை..." என்று தொடங்கினேன்.

"விஷயத்துக்கு வந்தீங்களா" என்றாள் கேசினி. ஸைனப் தொலைபேசியைத் தாழ்த்தினாள்.

"பாட்டில ஒருத்தர் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அது..."

"ஆளே இல்லன்னு சொன்னா நம்ப மாட்டீங்க அங்கிள். இருந்தான்னு சொன்னா விட மாட்டீங்க."

"இல்லை, சும்மா தெரிஞ்சுகொள்ளத்தான்."

"அந்த இடத்துல மெட்டு சின்னதா நிக்குது. அதுக்குச் சின்னதா ஒரு சாமான் வேணும். முதல்ல தொப்பின்னு போட்டுப் பாத்தேன். சிரிப்பா இருந்துச்சு. குடைன்னா ரெண்டு பேருக்கு எடம் இருக்கு. அவ்வளவுதான்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கண் அசையவில்லை. உண்மை சொல்கிறவளுக்கும் அசையாது, நன்றாகப் பழகினவளுக்கும் அசையாது.

"பெரகல சந்தியில நீங்க நிண்டதே இல்லையோ?"

"கொஸ்லந்தைக்காரி பெரகலையில நிக்காம எங்க நிப்பா? பாதி வாழ்க்கை அங்கதான் போச்சு, பஸ் பாத்து. கூட நூறு பேர் நிப்பாங்க. குடையும் பிடிப்பாங்க. மழை பெஞ்சா என்ன பண்ணுவாங்க?"

ஜௌபர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அத்தைதான் கேக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

"அக்கா கொஞ்சம் யோசிக்கிறா. பாட்டுகளை எழுத்துக்கு முதல் எடுத்தா நல்லதெண்டு..."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "அத்தையா? நேத்து என்கிட்ட எவ்வளவு நேரம் பேசினாங்க. எழுத்து அன்னைக்கு வீட்ல அந்தக் குடைப் பாட்டையே பாடணுமாம். கொழும்புல இருந்து வர்ற ஆளுங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காங்களாம்."

அக்கா என்னை எதையும் கேட்கச் சொல்லவில்லை. அவள் என்னிடம் இதைப் பற்றிப் பேசவேயில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நான் கேட்டதெல்லாம் கிஷாந்தனின் வாயிலிருந்து வந்தது. தோட்டத்துப் பெண் என்றால் அக்கா இப்படித்தான் நினைப்பாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அவன் அதைத் தெரிந்துதான் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

கேசினி தன் தொலைபேசியை எடுத்துப் பியானோவின் மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தினாள். "இருங்க அங்கிள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதுதான் இப்பவே கேக்கணும்."

"ஓம், சொல்லும்" என்றான் கிஷாந்தன்.

"உங்க மாமா இங்க இருக்காங்க."

"எந்த மாமா?"

"எத்தனை மாமாவ அனுப்பினீங்க?"

"அது... அம்மாதான்..."

"அத்தையோட நான் நேத்துப் பேசினேன், கிஷாந்தன்."

ஜௌபர் எழுந்து போய் ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகவே இருந்தது.

"சரி. நான்தான்" என்றது தொலைபேசி. "எனக்குத்தான் தெரியோணும். கட்டப்போறவனுக்கு அதைக் கேக்க உரிமை இல்லையோ?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா உண்மை சொல்லுவீரோ?"

அந்தக் கேள்வி எனக்கும் நல்ல கேள்வியாகத்தான் பட்டது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று விளங்கியது. விரல் நுனியால் ஒரு கட்டையை, சத்தம் வராதபடி மெதுவாக, அடிவரைக்கும் அமுக்கினாள்.

"பாட்டு ஒண்ணையும் எடுக்க மாட்டேன்" என்றாள். "அடுத்த சனிக்கிழமை இங்க வாங்க. புதுப் பாட்டுப் பதியப்போறோம். கூட உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு, அது யாரு, இது யாருன்னு ஒண்ணும் கேக்காம இருக்க முடிஞ்சா தை மாசம் எழுத்து. கேட்டீங்கன்னா இல்ல."

"இதென்ன, எனக்குச் சோதினையோ?"

"ஆமாங்க."

அன்று இரவு அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "நான் எங்கையடா யோசிச்சன்?" என்று கத்தினாள். "எனக்கு இப்பதான் வீட்டில ஒரு பாட்டுச் சத்தம் கேக்கப்போகுதெண்டு சந்தோசம். அவனுக்குச் சின்னனில இருந்தே இந்தக் குணம். பள்ளிக்கூடத்தால வந்து, என்ரை சாப்பாட்டுப் பெட்டியை ஆர் திறந்தது எண்டு கேப்பான். மூடினதே நான்தான்."

அடுத்த சனிக்கிழமை கிஷாந்தன் வந்தான். நல்ல சேர்ட் போட்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. தையல் கடை வாசலில் என்னோடு நின்று எதிர்ப்பக்கத்துக் காலடிகளைப் பார்த்தான்.

"உள்ளுக்கு ஆர் ஆர் மாமா?"

"கடைக்காரர். அவரின்ரை மனிசி. கேசினி. போய் இரு. வாயைத் திறவாத."

"நான் என்ன குழந்தைப் பிள்ளையே?"

குனிந்து உள்ளே போனோம். ஸைனப் அவனுக்குக் கால் ஆடாத கதிரை ஒன்று கொடுத்தாள். கேசினி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அன்று அவள் நல்லதாக ஒரு சேலை உடுத்தியிருந்தாள். அது பதிவுக்காக இல்லையென்று எனக்குத் தெரியும். பதிவுகளில் எல்லாம் சுவெட்டர்தான். அவன் ஜெயித்துவிட வேண்டுமென்று அவள் விரும்பியிருக்கிறாள்.

பாட்டு பதுளைக்குப் போகிற ரயிலைப் பற்றியது. எல்ல ஸ்டேஷன் தாண்டினதும் குளிர்காற்று உள்ளே வருகிறது, தூங்குகிறவளை எழுப்பாமல் யாரோ கையை நீட்டி அவள் பக்கத்து யன்னலைச் சாத்துகிறார்கள், விழித்துப் பார்த்தால் எதிர் ஆசனம் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. அதற்குள் அவள் என்னவெல்லாமோ செய்தாள். குகைக்குள் ரயில் போகும் இடத்தில் பியானோவின் தடித்த பக்கத்தில் மட்டும் வாசித்தாள். வெளியே வரும்போது குரலும் மெல்லிய சுரங்களும் ஒன்றாக வந்தன. ஜௌபர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் பாட்டைக் கேட்டதைவிட கிஷாந்தனைத்தான் அதிகம் பார்த்தேன். முதலில் நன்றாக இருந்தான். இரண்டாம் தரம் யன்னல் வந்தபோது புருவம் சுருங்கியது. மூன்றாம் தரம் வந்தபோது உதட்டைக் கடித்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

கடைசி ஒலி இன்னும் அடங்கவில்லை. அவள் பாதம் பியானோவின் மிதியிலேயே இருந்தது.

"எப்ப போன ரயில் அது?" என்றான்.

அவன் தானே பயந்துபோய், "இல்லை, ஆரெண்டு நான் கேக்கேல்லைத்தானே. எப்ப எண்டுதான் கேட்டனான்" என்றான்.

ஸைனப் தொலைபேசியைப் பார்த்தாள். "பதிவில அவர்ட குரல் விழுந்திட்டுது மகள். திரும்ப எடுக்கணும்."

கேசினி திரும்பவில்லை. கைகள் கட்டைகளின் மேலேயே இருந்தன.

"எடுக்கலாம் ஆன்ட்டி" என்றாள். "அவங்க முதல்ல போகட்டும்."

"கேசினி, இங்கை பாரும். நான் பகிடியாத்தான்..."

"அத்தைகிட்ட நானே சொல்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்." ஜௌபர் ஷட்டரை அவன் குனியத் தேவையில்லாத அளவுக்கு உயர்த்திப் பிடித்தார். நான் அவன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் பின்னால் அது மறுபடி இடுப்பளவுக்கு இறங்கியது.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அவன் தெருவோரத்தில் நின்று கடைசி வரைக்கும் கேட்டான். அழுகிறானோ என்று பார்த்தேன். அழவில்லை, கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா" என்றான், பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது. "ரெண்டாந்தரம் அந்த யன்னல் இடத்தைக் கொஞ்சம் மெதுவாப் பாடினவள். கவனிச்சனீங்களோ?"

"இல்லை."

"மெதுவாத்தான் பாடினவள். ஏன் மாமா?"

பதுளை பஸ் வந்தது. ஏறி யன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் புறப்படும்போதும் கண்ணாடிக்குள்ளிருந்து கையை அசைத்து என்னிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.